உயிரோடிருப்பவருக்கு இட்ட மாலை

புந்தோங், ஈப்போ
11.3.1984

அன்புள்ள தம்பி ஜெயபாலனுக்கு, உன் தமக்கை நவமணி எழுதுவது.

இரண்டாண்டு மௌனத்தை நானே கலைக்கிறேன். இதை என் தோல்வி என்று நீ கருதினால் கருதிக்கொள். உன் மீன் லோரி விடியற்காலைகளில் ஈப்போச் சந்தைக்கு வந்து போவதை நான் அறிவேன். சந்தையிலிருந்து என் வீடு சைக்கிள் மிதிக்கும் தூரம்தான் என்பதை நீயும் அறிவாய். இருந்தும் அஞ்சலகத்தின் வழியாகவே பேசிக்கொள்ள வேண்டிய நிலை நமக்கு வாய்த்திருக்கிறது. அதுவும் நன்றே. பேச்சில் நான் நிதானம் இழப்பேன்; எழுத்தில் இழக்கமாட்டேன்.

எங்கள் மாதர் வாசகர் வட்டத்தில் ஆனி மாதக் கூட்டத்துக்கு என்னை உரையாற்றப் பணித்திருக்கிறார்கள். தலைப்பை நானே தேர்ந்துகொண்டேன்: 'கோதிக் இலக்கியம்: சொற்களும் மரபுகளும்'. தையற்காரிக்கு இது எதற்கு என்று நீ சிரிப்பது எனக்குக் கேட்கிறது. தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். அகராதியை மடியிலும் தையலைக் கையிலுமாக வைத்துக்கொண்டு கற்ற ஆங்கிலம் என்னுடையது. அதனாலேயே அதை எவருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அந்த வகை நூல்களில் எப்போதும் ஒரு பழைய மாளிகை இருக்கும். அதில் பூட்டிய அறை ஒன்று. சுவரில் ஒரு முன்னோரின் ஓவியம், உயிருள்ளது போல் பார்த்துக்கொண்டே இருக்கும். குடும்பத்தின் முந்திய தலைமுறை செய்து மறைத்த பழி ஒன்று பிந்திய தலைமுறையின் தலையில் வந்து இறங்கும். அச்சத்தையும் அவர்கள் இரண்டாகப் பிரிக்கிறார்கள். பூட்டிய கதவின் பின்னே காலடி கேட்கும்போது எழுவது 'நடுக்கம்'. அது மனத்தை விரிக்கிறது. கதவு திறந்து உள்ளிருப்பதைக் கண்டபின் எழுவது 'திகில்'. அது மனத்தை உறைய வைக்கிறது. இவ்விரண்டுக்கும் மேலாக ஒன்று உண்டு. மலையின் முன்னும் இடியின் முன்னும் மனிதன் தான் எத்தனை சிறியவன் என்று உணர்ந்து வாயடைத்து நிற்பது. அதற்கு 'மலைப்பு' என்று பெயர் வைத்திருக்கிறேன்.

இவற்றைக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தபோது, அந்த இரவல் வெளிச்சத்தில்தான் எனக்கு நம் வீடு தெரிந்தது, தம்பி. பூட்டிய அறை நம்மிடமும் உண்டு. அது தஞ்சோங் ரம்புத்தான் மனநோய் மருத்துவமனையில் இருக்கிறது.

சென்ற மாதம் அன்னையாரைப் பார்க்கச் சென்றபோது மருத்துவர் என்னை அழைத்துப் பேசினார். நோய் தணிந்து பல ஆண்டுகள் ஆகின்றனவாம். வீட்டார் ஏற்றுக்கொண்டால் அழைத்துப் போகலாமாம். அப்பா இருந்தவரை அவர் சொல் குறுக்கே நின்றது. அதன்பின் மாடியறை வாடகை வாழ்க்கை என்னைத் தடுத்தது. இப்போது கீழ்த்தள வீடு கிடைத்துவிட்டது. ஆகவே அழைத்து வரப்போகிறேன். அனுமதி கேட்டு இதை எழுதவில்லை. ஆனால் அன்னையார் மாதந்தோறும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்: "பாலன் எங்கடி? அவன் வீட்டுக்கு எப்பப் போலாம்?"

அந்தக் கேள்விக்கு விடை என்னிடம் இல்லை. உன்னிடம் இருக்கிறது.

தமக்கை,
நவமணி


சித்தியவான்
27.3.1984

அக்காவுக்கு,

லெட்டர் கிடைச்சது. வீரம்மாவும் பாப்பாவும் கடைக்குப் போன நேரம் பார்த்துப் படிச்சேன். ரெண்டு தடவை படிச்சேன். முதல் தடவை தமிழ் புரியறதுக்கு, ரெண்டாவது தடவை விசயம் புரியறதுக்கு. 'தமக்கை'ன்னு நீ கையெழுத்துப் போட்டதப் பார்த்துட்டு யாரோ வக்கீல் நோட்டீஸ் அனுப்பிட்டாங்கன்னு பயந்துட்டேன்லா.

நான் சொல்றத கோவப்படாம கேளு. பாப்பாவுக்கு இடம் அமைஞ்சிருக்கு. மாப்பிள்ளை லூமுட்ல வேலை. அவரோட அப்பா பேரு பத்துமலை, கண்டிப்பான மனுசன். பொண்ணு பார்க்க வந்தன்னிக்கே கேட்டாரு: "ஒங்க குடும்பத்துல யாருக்கும் கோளாறு ஒண்ணும் இல்லையே?" நான் இல்லைன்னேன். வீரம்மாவும் பக்கத்துல நின்னு இல்லைன்னா. அவ பொய் சொல்லல. அவளுக்கே தெரியாது.

ஏன் தெரியாதுன்னு ஒனக்குத் தெரியும். நான் கல்யாணம் கட்டும்போது அப்பாதான் பொண்ணு வீட்டுல 'என் சம்சாரம் காலமாகி வருசமாச்சு'ன்னு சொன்னாரு. நான் தலைய குனிஞ்சிட்டு நின்னேன். அப்பா போனதும் வீரம்மா ஆசையா ரெண்டு படத்தையும் பெருசு பண்ணி, சட்டம் போட்டு, மாலை போட்டு மாட்டிட்டா. நான் எப்படி தடுக்கறது? என்னான்னு சொல்லித் தடுக்கறது? அதுல இருந்து வருசா வருசம் ஆடி அமாவாசைக்கு ரெண்டு பேருக்கும் படையல். ரெண்டு இலை. நீயும் ஒரு தடவை வந்த. 'உயிரோட இருக்கறவங்களுக்கு மாலையா? இந்த மாலை தொங்கற வரைக்கும் உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்'னு என் காதுல மட்டும் சொல்லிட்டுப் போன. வீரம்மா இன்னிக்கு வரைக்கும் சாம்பார்ல உப்பு கூடிப் போச்சுன்னு நீ கோவிச்சுக்கிட்டதா நெனைச்சிட்டிருக்கா.

இன்னொண்ணு சொல்றேன், ஒன் பேச்சுக்கு உதவும். படையல் சோறு ரெண்டு பிடி எடுத்து மதில்மேல வைப்போம். அப்பா சோத்தைக் காக்கா வந்து கொத்திட்டுப் போவும். அம்மா சோத்தை இது வரைக்கும் ஒரு காக்காகூட தொட்டதில்ல. அம்மாவுக்குப் பிடிச்ச பாகற்காய் பொரியல் வச்சும் தொடல. ஒவ்வொரு வருசமும் வீரம்மா கண்ணுல தண்ணி விடுவா, 'அத்தைக்கு நம்ம மேல என்னா கோவமோ'ன்னு. காக்கா தொடாததுக்கு ஒன் பொஸ்தகத்துல என்னா பேரு?

நீ அம்மாவ கூட்டிட்டு வா, நான் வேணாங்கல. ஆனா ஒன் வீட்டோட வச்சுக்க. ஆவணியில தாலி ஏறட்டும். அது வரைக்கும் யாருக்கும் தெரிய வேணாம். கைய பிடிச்சுக் கேக்கறேன்.

ஜெயபாலன்


புந்தோங், ஈப்போ
16.4.1984

அன்புள்ள தம்பிக்கு,

அன்னையார் என் வீட்டில் இருக்கிறார். முதல் வாரம் முழுதும், எழுந்ததும் போர்வையை நான்காக மடித்துக் கட்டிலின் காலடியில் வைத்துவிட்டு, யாரேனும் வந்து பார்த்துப் போகும்வரை பக்கத்தில் நின்றார். இப்போது அந்த வழக்கம் விட்டுவிட்டது. என் தையல் இயந்திரத்தின் ஓசை பிடிக்கிறதாம். "மழ பேயற மாதிரி இருக்குடி" என்கிறார்.

காக்கையைப் பற்றிக் கேட்டிருந்தாய். அதற்கு இலக்கியத்தில் 'தீக்குறி' என்று பெயர். அவ்வகை நூல்கள் சிலவற்றில் இறுதி அத்தியாயத்தில் எல்லா மாயத்துக்கும் இயல்பான காரணம் சொல்லப்படும். அதை 'விளக்கம் பெற்ற அமானுடம்' என்று மொழிபெயர்த்திருக்கிறேன். உன் காக்கைக்கும் ஒரு நாள் விளக்கம் கிடைக்கலாம். என் மனம் அதைக் கேட்டு நடுங்கியது என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

இப்போது நான் சொல்லவிருப்பதை நின்று படிக்காதே, உட்கார்ந்து படி.

சென்ற ஞாயிறு அன்னையார் வெள்ளப்பாறைத் தோட்டத்தைப் பார்க்க வேண்டும் என்றார். வாடகைக் காரில் கோப்பெங் வழியாகச் சென்றோம். நம் லயத்து வீட்டு வரிசை இருந்த இடத்தில் இப்போது செம்பனைக் கன்றுகள். துரை பங்களா மட்டும் நிற்கிறது. நிற்கிறது என்பதும் பிழை. கூரை உள்ளே விழுந்துவிட்டது. மாடிப் படிகள் வானத்தை நோக்கி ஏறி, பாதியில் நின்றுவிடுகின்றன. சுவரைப் பிளந்துகொண்டு ஓர் ஆலமரம் வேர்களைக் கூடத்துக்குள் இறக்கியிருக்கிறது. பின்னால் அந்தச் சுண்ணாம்பு மலை, வெள்ளையும் துருவுமாக, நாம் சிறுவயதில் பார்த்த அதே செங்குத்தில். உச்சி வெயில். ஒரு நிழல்கூட இல்லை. இரவும் புயலும் இல்லாமலே ஓரிடம் இவ்வளவு அச்சமூட்ட முடியும் என்பதை எந்த நூலும் எனக்குச் சொல்லவில்லை. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

அன்னையார் நிற்கவில்லை. சேலையைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இடிபாடுகளின் மேல் கால் வைத்து, நேற்றும் வந்து போனவரைப் போல் உள்ளே நடந்தார். சாப்பாட்டு அறை இருந்த இடத்தில் தரையைக் காலால் தேய்த்துப் பார்த்தார். செம்மண்ணுக்கடியில் ஓடு தெரிந்தது. அதன்மேல் உட்கார்ந்தார்.

"இங்கதான்டி நாக்காலி," என்றார்.

நமக்கு அப்பா சொன்ன கதை உனக்கு நினைவிருக்கும்: 'பச்சப் புள்ள செத்ததுல புத்தி பெரண்டு, தொரையக் கொல்லப் போனா.' அன்னையார் சொன்னதை அவர் வாய்மொழியிலேயே எழுதுகிறேன். என் நடையில் எழுத எனக்குத் துணிவில்லை.

"புள்ள போயி காரியம்கூட முடியல. பங்களாவுல ஆளில்லன்னு ஆயா வேலைக்கு வரச்சொல்லிட்டாங்க. மாரு கட்டிக்கிட்டு வலி உயிர் போவுது. மேசையில சோத்த வச்சு மூடியிருக்கு, தொர இன்னும் வரல. புள்ள பாலுக்கு அழுவுற சத்தம் கேக்குது எனக்கு. நான் தின்னாத்தானே அதுக்குப் பாலு? உக்காந்தேன். தின்னேன். என்னா ருசிங்குற! கோழிக் கொழம்பு."

"பிறகு?"

"அப்புறம் தொர வந்தான். நான் எந்திரிக்கல."

"அவ்வளவுதானா அம்மா?"

"அவ்ளோதான். எந்திரிச்சு ஓடியிருந்தா திருடின்னு சொல்லியிருப்பான். எந்திரிக்காம தின்னேன்ல, அதான் பைத்தியமாயிட்டேன்." அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். ஆலம்வேரில் இருந்த குருவிகள் கலைந்தன.

அந்தச் சிரிப்பின்முன் எனக்குத் திகில் இல்லை, தம்பி. அந்த மலையையும் பார்த்தேன். மலையின் அடியில் மண்மேல் உட்கார்ந்திருந்த அந்தச் சிறிய உருவத்தையும் பார்த்தேன். எதன் முன்னால் வாயடைத்து நின்றேன் என்று இன்றுவரை எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. துரையும் போனான். கூரையும் போனது. உட்கார்ந்தவர் திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தார்.

என் வீட்டோடு வைத்துக்கொள்ளச் சொல்கிறாய். வைத்துக்கொள்வேன். ஒளித்து வைத்துக்கொள்ள மாட்டேன். பூட்டிய அறையின் சாவிக்காரி வேலைக்கு வேறு ஆளைப் பார்.

நவமணி


சித்தியவான்
2.7.1984

அக்காவுக்கு,

ரெண்டு மாசமா பதில் போடல. போடக்கூடாதுன்னு இல்ல. ஒன் லெட்டர லோரியில சீட்டுக்கடியில வச்சிருக்கேன். கோப்பெங் பக்கம் மீன் எறக்கப் போற நாள்ல எல்லாம் அந்த மலையப் பார்க்காம ஓட்டறேன்.

ஒனக்கு எல்லாத்துக்கும் ஒரு பேரு இருக்கு. நடுக்கம், திகில், மலைப்பு. எனக்கு ஒரே பேருதான் வச்சாங்க அக்கா. 'பைத்தியக்காரி மவன்.' நீ பதினாலு வயசுல தையல் கத்துக்க ஈப்போவுக்குப் போயிட்ட. நான் லயத்துலயே இருந்தேன். காலையில வேலைக்குப் பேர் குடுக்கற பெரட்டு வரிசையில நிக்கும்போதுகூட, 'டேய், ரம்புத்தான் பஸ்ஸு வருதுடா, ஏறிக்க'ன்னு பெரியவங்களே சிரிப்பாங்க. அத பாப்பா காதுல விழ விடமாட்டேன்.

அம்மாவ லோரியில ஏத்தினன்னிக்கு நீ கெணத்தடியில இருந்த. நான் பக்கத்துல இருந்தேன். அம்மா கை கழுவல. வலது கையில கொழம்பு காஞ்சு ஒட்டியிருந்திச்சு. யாரும் கழுவிக்க விடல போல. அந்தக் கைய நீட்டி என் தலையைத் தொட வந்தாங்க. அப்பா என்னைப் பின்னால இழுத்துட்டாரு. 'தொடாத'ன்னாரு. எனக்குச் சொன்னாரா அம்மாவுக்குச் சொன்னாரான்னு இன்னும் தெரியல. எனக்கு அம்மான்னா அந்தக் கைதான். முகம் மறந்துபோச்சு. படத்துல பார்த்துத்தான் முகம்.

அம்மாவுக்குப் பாகற்காய் பிடிக்கும்னு எழுதினேனே, அதுகூட நானா சொன்னது. முதல் படையலுக்கு வீரம்மா கேட்டா, 'அத்தைக்கு என்னா பிடிக்கும்?' எனக்குத் தெரியல. தெரியலன்னு சொல்ல வெக்கமா இருந்திச்சு. அன்னிக்குப் பாசார்ல பாகற்காய் மலிவு, வாங்கிட்டு வந்திருந்தேன். வாயில அதான் வந்திச்சு.

கல்யாணப் பத்திரிகை அடிச்சாச்சு. ஒண்ணு வச்சிருக்கேன். ஒன் பேரு 'அத்தை நவமணி'ன்னு போட்டிருக்கு. தாத்தா பாட்டி வரியப் பார்த்துட்டு என்னைத் திட்டாத. வீரம்மா எழுதிக் குடுத்தது. பத்துமலை ஆடி அமாவாசைக்கு நம்ம வீட்டுக்கு வராரு. சம்பந்தி ஆகப்போறோம், பெரியவங்க படத்தைக் கும்பிட்டுக்கறேன்னு அவரே சொல்லிட்டாரு.

அன்னிக்கு மட்டும் அம்மாவ இந்தப் பக்கம் கொண்டு வந்துடாத. வேற எந்த சுசாவும், தொந்தரவும் குடுக்காத. ஒன் கால்ல விழறேன்.

ஜெயபாலன்


புந்தோங், ஈப்போ
17.7.1984

தம்பி,

பத்திரிகை கிடைத்தது. நல்ல காகிதம். 'அமரர் இராமசாமி – அமரர் ராக்காயி தம்பதியரின் பேத்தியும்' என்ற வரியைப் படித்தபோது, அந்த அமரர் என் எதிரே உட்கார்ந்து முறுக்கை உடைத்துத் தேநீரில் நனைத்துக்கொண்டிருந்தார்.

"என்னாடி அது, பத்திரிகையா? பாலன் அனுப்பிச்சானா?"

"ஆமாம் அம்மா."

"எம் பேரு போட்டிருக்கானா?"

நான் என் வாழ்நாளில் சொற்களுக்காகத் தடுமாறியவள் அல்லள். அன்று தடுமாறினேன். "போட்டிருக்கிறான்," என்றேன். ஒரு சொல்லை மட்டும் விழுங்கிவிட்டேன்.

அன்னையார் பத்திரிகையை வாங்கி, எங்கே என்று கேட்டு, நான் காட்டிய இடத்தில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். படிக்கத் தெரியாத விரல். அதை நான் பார்த்துக்கொண்டிருக்க நேர்ந்தது. பிறகு சொன்னார்: "பேரு போட்டுக் கூப்புட்டிருக்கான், போவாம இருக்க முடியுமா? கலியாணத்துக்கு முந்தி ஆடி அமாசை வருதே. ஒங்கப்பனுக்குப் படைப்பான்ல? கட்டிக்கிட்டவ நான் இல்லாமயா? அன்னிக்கே போயிட்டு வந்துடறேன்."

நான் உன் கடிதத்தைச் சொல்லித் தடுத்திருக்கலாம். அப்படியானால் அந்தச் சொல்லையும் படித்துக் காட்டியிருக்க வேண்டும். நூல்களில் 'இரட்டையுரு' என்று ஒன்று வரும். ஒருவர் தன்னையே வேறோர் உருவில் எதிரே காண்பது. அப்படிக் கண்டவர் தாங்கமாட்டார் என்பது மரபு. உன் வீட்டுச் சுவரில் அது தொங்குகிறது. அந்த முகம் முப்பத்து நான்கில் நின்றுவிட்டது, வருபவருக்கு அறுபத்தாறு. மாலையுடன் அதைக் கண்டால் என்ன ஆவாரோ என்று எனக்கு உறக்கமில்லை. உன் குழந்தையின் திருமணத்தைக் கெடுக்க வரும் பேயாக என்னை நீ எண்ணுவதும் தெரிகிறது. இரண்டையும் அறிந்தே எழுதுகிறேன்: அன்னையார் வருவார்.

வாசகர் வட்ட உரை முடிந்தது. அன்னையார் முதல் வரிசையில் இருந்தார். இறுதியில் ஓர் அம்மையார், "இந்தக் கதைகளில் பேய் உண்மையிலேயே உண்டா, இல்லையா?" என்றார். வீட்டார் எதைப் பேச மறுக்கிறார்களோ அதுவே பேய் என்றேன். கைதட்டினார்கள். வீட்டுக்கு வரும் வழியில் அன்னையார், "ஒண்ணும் வெளங்கல, ஆனா நல்லா சத்தமா பேசுற," என்றார். அதுவே எனக்குப் பெரிய பாராட்டு.

வாடகைக் காரில் நான் உடன் வருவேன். என் வாக்கு என் வாக்குதான், வாசல்வரை மட்டுமே. ஒரே ஒரு வேண்டுகோள்: அந்தப் படத்தைக் கழற்றி வைத்துவிடு.

நவமணி


சித்தியவான்
30.7.1984

அக்கா,

படத்த கழட்டல. ஒன் லெட்டர் வந்ததுல இருந்து தினமும் நாக்காலிய போட்டு ஏறி நிப்பேன். வீரம்மா 'என்னா?'ம்பா. 'ஒட்டடை'ன்னு சொல்லிட்டு எறங்கிடுவேன். வீடு பூரா ஒட்டடையே இல்ல இப்ப.

நீ அம்மாவ கேட்ல விட்டுட்டுப் போனது எனக்குத் தெரியாது. ரெண்டு இலையும் போட்டாச்சு. பத்துமலை பாயில உக்காந்திருந்தாரு. வீரம்மா சூடம் ஏத்தப் போறா. வாசல்ல, "பாலா"ன்னு ஒரு கொரல்.

எப்படிச் சொல்வேன். அந்த நேரம் வெயில் வாசல்ல அடிச்சுக்கிட்டிருந்திச்சு, அதுக்கு நடுவுல வெள்ளச் சேலையில ஒரு உருவம். முகம் தெரியல. கொரல் மட்டும் தெரிஞ்சுது. மறந்துட்டேன்னு நெனைச்சேன், மறக்கல. என் ஒடம்புல இருந்த மயிரெல்லாம் நின்னுடுச்சு.

உள்ள வந்தாங்க. யாரையும் பார்க்கல. நேரா படத்துக்கிட்ட போயி அப்பாவக் கும்பிட்டாங்க. அப்புறம் பக்கத்துப் படத்தப் பார்த்தாங்க. கிட்டப் போயிப் பார்த்தாங்க. நீ பயந்தியே, அதே எடம்.

"யாருடா இவ? நான் அங்க இருந்தப்ப ஒங்கப்பன் இன்னொருத்தியக் கட்டிக்கிட்டானா?"

நான்தான் சொன்னேன், "அது நீதாம்மா."

"நானா?" அம்மா மாலைய ஒதுக்கிட்டு மறுபடியும் பார்த்தாங்க. "நல்லாத்தான்டா இருந்திருக்கேன்!"ன்னு சத்தமாச் சிரிச்சாங்க.

வீரம்மா கையில இருந்த தட்டக் கீழ வச்சிட்டா. "இவங்க யாருங்க?"ன்னு என்னைக் கேட்டா. "எங்கம்மா"ன்னேன். அவ்ளோதான் அக்கா. இருபது வருசமா வராத வார்த்தை, ஒரு மூச்சுல வந்துடுச்சு.

அம்மா அதுக்குள்ள ரெண்டு இலையையும் பார்த்துட்டாங்க. "இது ஒங்கப்பனுக்கு. அது?"

வீரம்மாதான் பதில் சொன்னா, நான் இல்ல. "அது உங்களுக்குத்தான், அத்தை."

"எனக்கா?"ன்னாங்க. உக்காந்தாங்க. இலைய இழுத்து நேரா வச்சுக்கிட்டு, சோத்தப் பெசைஞ்சு சாப்பிட ஆரம்பிச்சாங்க.

நாங்க எல்லாம் நின்னுக்கிட்டிருந்தோம். பத்துமலைகூட எந்திரிச்சு, தோள் துண்ட இடுப்புல கட்டிக்கிட்டு, கோயில்ல நிக்கற மாதிரி நின்னாரு. இத்தனை வருசம் யாரும் தொடாத இலை. அதுல ஒரு கை எறங்கி எறங்கி ஏறுது. அவசரமே இல்ல. பயமே இல்ல. ஒன் மலைப்புங்கற வார்த்தை எனக்கு அப்பத்தான் புரிஞ்சுது அக்கா. பயந்துக்கிட்டும் இருந்தேன், கும்பிடணும் போலவும் இருந்திச்சு.

நடுவுல நிமிர்ந்து, "பாகக்காய எவன் வச்சான்? வாயில வைக்க முடியல. எடுத்துடு. ரசம் ஊத்து"ன்னாங்க. வீரம்மா என்னைத் திரும்பிப் பார்த்தா பாரு.

பத்துமலைதான் மெல்ல கேட்டாரு, "ஜெயபாலா, வேற யாரையாச்சும் உயிரோட அமரர் ஆக்கி வச்சிருக்கியா? இப்பவே சொல்லிடுலா."

"இல்லைங்க. அம்மா தஞ்சோங் ரம்புத்தான்ல இருந்தாங்க. நான் மறைச்சிட்டேன்"ன்னேன். கல்யாணம் போச்சுன்னுதான் நெனைச்சேன்.

அம்மா ரசம் சாப்பிடறதையே அவரு பார்த்துக்கிட்டிருந்தாரு. அப்புறம், "நீ பொய் சொன்னது எனக்குப் பிடிக்கல. அத நான் மறக்க மாட்டேன். ஆனா படைச்சவங்களே வந்து ஒக்காந்து சாப்பிட்ட வீடு இது. இந்த வீட்டுல பொண்ணு எடுக்காம நான் எப்படிப் போவேன்?"ன்னாரு. அப்பா இலையில மிச்சமிருந்த பாயசத்தக் கேட்டு வாங்கிக் குடிச்சிட்டுத்தான் போனாரு.

வீரம்மா செம்புல தண்ணி கொண்டு வந்தா, கை கழுவ. அம்மா வாங்கல. என்னைப் பார்த்து, "வாடா"ன்னாங்க. போனேன். குனிஞ்சேன். கொழம்புக் கையோட என் தலையத் தொட்டாங்க. தொட்டுட்டு, "முடியெல்லாம் கொட்டிப் போச்சேடா"ன்னாங்க.

என்னைப் பின்னால இழுக்க யாரும் இல்ல. அன்னிக்கு நான் தலை கழுவல.

வாசலுக்கு ஓடி வந்து பார்த்தேன், ஒன் டாக்சி போயிடுச்சு. வீரம்மா என்கூட பேசறதில்ல. அம்மாகூட மட்டும் பேசறா. மாலைய அவளே கழட்டிட்டா. பாப்பா ஒக்காந்து எல்லாப் பத்திரிகையிலயும் பேனாவால அந்த வார்த்தைய அடிக்கறா. அம்மா பக்கத்துல இருந்துக்கிட்டு, "என்னாத்தடி அடிக்கற?"ன்னு கேட்டாங்க. "நீங்க செத்துப் போயிட்டதா போட்டிருக்கு பாட்டி." அம்மா யோசிச்சிட்டு, "நல்லா அழுத்தி அடி"ன்னாங்க.

ஜெயபாலன்


புந்தோங், ஈப்போ
4.8.1984

தம்பிக்கு,

வாடகைக் கார் உடனே போகவில்லை. சாலை முனையில் நிறுத்தச் சொல்லிக் கண்ணாடியை இறக்கி வைத்துக் காத்திருந்தேன். கூக்குரல் கேட்கும் என்று எதிர்பார்த்தேன். வெகுநேரம் ஒன்றுமே கேட்கவில்லை. பிறகு அன்னையாரின் சிரிப்புக் கேட்டது. அதன்பின்தான் போகச் சொன்னேன்.

உன் கடிதத்தை மூன்று நாளாக வைத்துக்கொண்டிருக்கிறேன். நான் சேர்த்து வைத்த சொற்களில் எதையும் அதன் பக்கத்தில் வைக்க மனம் வரவில்லை. அந்த நூல்களில் அடைபட்ட பெண் வெளியே வந்தால் வீடு எரியும், அல்லது அவள் மாள்வாள். ரசம் கேட்டவளை நான் எதிலும் படித்ததில்லை.

காக்கைக்கும் விளக்கம் கிடைத்துவிட்டது. அன்னையாரின் பிடியில் மட்டும் பாகற்காய் கலந்திருந்தது. வீரம்மாவிடம் சொல், அவளும் சிரிக்கட்டும். சாம்பாரில் அன்று உப்புக் கூடவில்லை என்பதையும் சொல்.

அன்னையாருக்குப் பிடித்தது கோழிக் குழம்பு. அடுத்த ஞாயிறு நானே வந்து சமைக்கிறேன். முதல் பஸ்ஸில் வருகிறேன். இம்முறை வாசலோடு நிற்க மாட்டேன்.

அக்கா